பூனைக்காக நின்ற வேன்

மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பாதி தூரம் ஏறியதும், இதற்கு மேல் என்னால் ஆகாது என்று மூன்றாம் நம்பர் வேன் நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியதே தவிர வண்டி ஏறவில்லை. அப்புறம் தீய்ந்த வாடை வந்தது. வெளுத்து மடித்த விரிப்புகளையெல்லாம் சுமந்துகொண்டு வேன் மெதுவாகப் பின்பக்கம் இறங்கத் தொடங்கியதும், டிரைவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, வாடை வேறு ஏதாவது வண்டியிலிருந்து வருகிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். தெருவில் வேறு வண்டியே இல்லை.

கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. சலவை நிறுவனத்தில் அவனுக்குப் பெயரே அரைக்கிளட்ச். நேர் சாலையில் போனாலும் சரி, சிக்னலில் நின்றாலும் சரி, அவனுடைய இடது கால் கிளட்ச்சின் மேலேயே குடியிருக்கும். அந்தக் காலைத் தூக்கி ஓரமாக வை என்று மெக்கானிக் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் இந்தப் பெயரை வைத்ததோடு விட்டுவிட்டான்.

வேறொரு வாரமாக இருந்தால் மாடிக்குப் போய் முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, கிடைக்கிற வசவை வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பான். இந்த வாரம் அது முடியாது. நிறுவனத்துக்குப் புது வேன் வந்திருந்தது. ஏ.சி. உண்டு, பின்னால் பார்க்க கேமரா உண்டு. மூன்றாம் நம்பரிலோ சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின். கோடையில் அதிலிருந்து அவன் இறங்குவது இட்டிலிப் பானையிலிருந்து இறங்குவது மாதிரி இருக்கும்.

புது வேன் யாருக்கு என்று முடிவு செய்ய முதலாளியம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஓட்டத்தில் இருந்த எல்லா வேன்களின் முதுகிலும் ஸ்டிக்கர். 'நான் எப்படி ஓட்டுகிறேன்? சொல்லுங்கள்.' அதற்குக் கீழே வேன் நம்பர், முதலாளியம்மாவின் மேசைத் தொலைபேசி நம்பர். எந்த வேனுக்கு நல்ல பெயர் அதிகம் வருகிறதோ, அந்த டிரைவருக்குச் சனிக்கிழமை புதுச் சாவி. வண்டியைப் பாழாக்குகிறவன் அந்தப் பக்கமே வரவேண்டாம் என்றும் சொல்லி வைத்திருந்தார்.

சாவி தனக்குத்தான் என்று அரைக்கிளட்ச் ஏற்கெனவே வீட்டில் சொல்லிவிட்டான். அவன் மனைவி அதைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். மைத்துனன் முன்சீட்டில் தனக்கு இடம் போட்டுவிட்டான். இந்த நிலையில் கிளட்ச் பிளேட் கருகியது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

மெக்கானிக்குக்குப் போன் போட்டான். மெக்கானிக் வந்து, முதலில் வாடையைப் பிடித்தான், பிறகு அவனுடைய இடது காலைப் பார்த்தான். வேனைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப்போனான். பட்டறையில் பழைய டயர் அடுக்கின் மேல் கொழுத்த சாம்பல் நிறப் பூனை ஒன்று படுத்துக்கொண்டு, வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தது.

"கியர்பாக்ஸ இறக்கித்தான் ஆகணும் அண்ணே. சாயங்காலம் ரெடி பண்ணிடறேன்" என்றான் மெக்கானிக்.

"எப்ப வேணா பண்ணு. கிளட்ச் போன விஷயம் மட்டும் அம்மா காதுக்குப் போகக் கூடாது."

"கிளட்ச்னு ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வராது."

மெக்கானிக்குகளின் சாயங்காலம் எந்தக் கிழமையில் வரும் என்பது அவர்களுக்கே தெரியாது. அரைக்கிளட்ச் அதற்காகக் காத்திருக்கவில்லை. நிறுவனத்துக் கொட்டகையில் சும்மா கிடந்த உபரி வேனைக் கிளப்பி, விரிப்புகளை அதில் மாற்றினான். அதற்குக் கிழவி என்று பெயர். பக்கக் கதவு பூட்டாது. கயிறு கட்டி ஓட்ட வேண்டும். முதலாளியம்மாவின் அறை தெருப்பக்கம் மாடியில். வண்டிகள் போய் வருவது பின்பக்கம். யார் எதை ஓட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கிழவியோடு இரண்டு நாள் ஓட்டி, மூன்றாம் நம்பர் வந்ததும் சத்தமில்லாமல் மாறிக்கொண்டால் தலை தப்பும் என்று நினைத்தான்.

நினைத்ததெல்லாம் நடந்துவிட்டால் அப்புறம் கதை எதற்கு? மறுநாள் சுமை இறக்கிவிட்டுப் படிக்கட்டுப் பக்கமாக நழுவியவனை முதலாளியம்மா பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாம் நம்பருக்குத் திட்டாவது வருது. உங்க வண்டிக்கு நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. ஒரு போன்கூட வரலியே. வண்டி ஓடுதா, இல்லையா?"



"ஓடுதும்மா. ஜம்முனு ஓடுது."

இரண்டாம் நம்பரை ஓட்டுகிறவனுக்கு அவசரம் என்று பெயர். அவன் முந்திய வண்டிகளில் பாதி, வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் போன் போட்டுத் திட்டும். அவனுக்கே அத்தனை அழைப்பு வரும்போது மூன்றாம் நம்பருக்கு ஒன்றுமே வராவிட்டால், அம்மா பின்பக்கம் இறங்கி வந்து பார்த்துவிடுவார். வண்டி ஓடுகிறது என்று ஊரில் யாராவது சொல்லியாக வேண்டும். ஊர் சொல்லாவிட்டால் வீடு சொல்லட்டும் என்று அவன் முடிவுக்கு வந்தான்.

மனைவி நடந்ததையெல்லாம் கேட்டாள். கொஞ்சம் திட்டினாள். பிறகு காரியத்தில் இறங்கினாள்.

"பூனை குறுக்க வந்துச்சு, அது போற வரைக்கும் மூணாம் நம்பர் வேன் அப்படியே நின்னுதுன்னு சொல்றேன்."

"பூனையா? கொஞ்சம் பெரிசா ஏதாவது சொல்லேன்."

"பெரிசா சொன்னா விசாரிப்பாங்க. பூனைகிட்ட போய் யாரு விசாரிக்கப் போறா?"

அவள் ஸ்டிக்கர் நம்பருக்குப் போன் போட்டு, குரலைத் தழையவிட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியை மாதிரி பேசினாள். வேன் நின்றது, பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தும் அசையாமல் நின்றது, பூனை நிதானமாக நடந்து போனது, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு டிரைவரா என்று தனக்குக் கண்ணீரே வந்துவிட்டது என்றாள். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அரைக்கிளட்சுக்குத் தன் மேலேயே மரியாதை வந்தது.

அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று, முதலாளியம்மா பூனை என்றால் உருகுகிறவர் என்பது. வீட்டில் இடம் போதாமல் அலுவலகத்திலும் இரண்டு வளர்த்தார். மறுநாள் அவனை மாடிக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்ததே இல்லை. பூனை என்ன நிறம் என்று கேட்டார். அவசரத்துக்கு அவன் கண்ணில் வந்து நின்றது பட்டறையில் டயர் மேல் கிடந்த பூனைதான்.

"சாம்பல் நிறம்மா. கொஞ்சம் குண்டு."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இதே வேகத்தில் இன்னும் இரண்டு அழைப்பு வந்தால் சாவி கைக்கு வந்துவிடும் என்று அவனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அங்கேதான் அவன் புத்தி பிசகியது. மைத்துனனையும் கூட்டுச் சேர்த்தான்.

மைத்துனனுக்கு அளந்து விடுவது என்றால் கரும்பு தின்கிற மாதிரி. மூன்றாம் நம்பர் டிரைவர் ஒரு பெரியவரைச் சாலை கடக்க வைத்தார் என்று மட்டும் சொல்லச் சொன்னால், அவர் பெரியவரைத் தோளில் தூக்கிக் கடந்தார், மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது, திரும்பிப் போய் அதையும் எடுத்துக் கொடுத்தார் என்று அவிழ்த்துவிட்டான். எப்போது என்று அம்மா கேட்க, காலை பத்து மணி, பேருந்து நிலையம் என்றான். இது தெரியாமல் மனைவி இன்னொரு குரலில் கூப்பிட்டு, அதே பத்து மணிக்கு ஊரின் மறுகோடியில் மூன்றாம் நம்பர் வேன் ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டதைப் பாராட்டினாள்.

மாடியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. இந்தத் தடவை நாற்காலி காட்டப்படவில்லை.

"பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்தீங்க. பத்து மணிக்கே அந்தக் கோடியிலயும் இருந்தீங்க. எப்படி?"

"கொஞ்சம் வேகமா போயிட்டேன்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. வேகமா என்று அம்மா புருவத்தைத் தூக்கினார். வேகத்துக்குத்தான் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறானே என்றார்.

வீட்டுக்கு ஓடி, வேகத்தைக் குறைக்கச் சொல்லி மனைவியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவளும் புதிதாக ஒரு குரலைப் பிடித்து, மூன்றாம் நம்பர் வேன் எவ்வளவு பொறுமையாகப் போகிறது தெரியுமா, என் பிள்ளை மூன்று சக்கர சைக்கிளில் அதை முந்திவிட்டான் என்று பாராட்டினாள். அம்மா அதைக் கேட்டு மகிழாமல், அப்படியானால் மருத்துவமனைக்கு விரிப்பு எப்போது போய்ச் சேரும் என்று கவலைப்பட்டார். அதைச் சரிக்கட்ட மைத்துனன் மருத்துவமனைச் சிப்பந்தியாக மாறி, விரிப்பு நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது, வரும்போது சூடாகவே இருக்கிறது என்றான்.

இதற்கு நடுவே கிழவி வேறு தன் பங்குக்கு அவனைப் படுத்தியது. கதவுக் கயிறு அறுந்து ஒரு மூட்டை விரிப்பு நடுச்சாலையில் பரவியது. பொறுக்கி எடுத்து மறுபடி வெளுக்கப் போட்டான். போகட்டும், கிழவியின் முதுகில் ஸ்டிக்கர் இல்லை, யாரும் போன் போட முடியாது என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

பட்டறையிலிருந்து மெக்கானிக் அடிக்கடி கூப்பிட்டான்.

"அண்ணே, வண்டியில ஒரு விஷயம் இருக்கு. போன்ல சொன்னா புரியாது, நேர்ல வந்து பாருங்க."

செலவைக் கூட்டுவதற்கு மெக்கானிக்குகள் எல்லாரும் சொல்வதுதானே இது என்று அவன் நினைத்தான். என்ன விஷயமானாலும் முடித்து, சனிக்கிழமை காலைக்குள் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்து என்று சொல்லிவிட்டு, அடுத்த பாராட்டுக்கு என்ன குரல் என்று யோசிக்கப் போய்விட்டான். அதற்கு அப்புறம் மெக்கானிக்கின் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை.

சனிக்கிழமை விடிந்தது. பின்பக்க முற்றத்தில் புது வேன் பளபளவென்று நின்றது. டிரைவர்கள், சலவைக்காரர்கள், இஸ்திரி போடுகிறவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அரைக்கிளட்சின் மனைவியும் மைத்துனனும் குடும்பம் என்ற முறையில் வந்து, குரல் அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே என்று வாயைத் திறக்காமல் நின்றார்கள். மூன்றாம் நம்பரை மட்டும் காணோம்.

முதலாளியம்மா படியிறங்கி வந்ததும் அதைத்தான் கேட்டார். புது வேன் பக்கத்தில் அதையும் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று நினைத்திருந்தாராம்.

"கழுவ விட்டிருக்கேன்மா" என்றான் அரைக்கிளட்ச்.

பிரிகிற வண்டியைக்கூடக் கழுவி அனுப்புகிற மனசு யாருக்கு வரும் என்று அம்மா எல்லாரையும் பார்த்துக் கேட்டார். அவசரம் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா பேசப் பேச அரைக்கிளட்சின் உச்சி குளிர்ந்தது. தோளில் ஏறிய பெரியவர், ஆம்புலன்ஸ், சூடான விரிப்பு எல்லாம் வரிசையாக வந்தன. அவ்வளவும் தான்தான் செய்தோம் என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தான். சாவி அம்மாவின் விரலில் ஆடியது. வீட்டுக்குப் போகும்போது ஏ.சி.யை எந்த எண்ணில் வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டான்.

அப்போதுதான் வாசலில் மெக்கானிக் தெரிந்தான். கையில் கிரீஸ் துடைக்கும் துணி. வேன் இல்லாமல் தனியாக வந்திருந்தான். போ, போ என்று அரைக்கிளட்ச் கண்ணைக் காட்டினான், புருவத்தைக் காட்டினான், கடைசியில் இடது காலையே உதறிக் காட்டினான். மெக்கானிக்குக்குப் புரிந்தது. கிளட்ச்தானே, மூச்சு விடமாட்டேன் என்று உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டி, கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றான். அரைக்கிளட்சுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மா சாவியை நீட்டினார். அவன் இரண்டு கைகளையும் ஏந்தினான்.

"எல்லாத்தையும்விட என் மனசுல நிக்கறது அந்தப் பூனைதான். மூணாம் நம்பர் வேன் அதுக்காக நின்னுச்சே, அது போதும். பாவம், அந்தச் சாம்பல் பூனை இப்ப எங்க இருக்கோ, எப்படி இருக்கோ" என்றார் அம்மா.

இவ்வளவு அன்பாக விசாரிக்கிறவருக்கு யாரும் பதில் சொல்லாமல் நிற்கிறார்களே என்று மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்தான்.

"நல்லா இருக்கும்மா. அந்த வேனுக்குள்ளயே நாலு குட்டி போட்டிருக்கு. அதுங்களைக் கலைக்க மனசு வராமத்தான், திங்கக்கிழமை இறக்கின கியர்பாக்ஸ இன்னும் ஏத்தாம வச்சிருக்கேன்."