சாட்சிக்கு வாங்கின மீன்

அருவாமனை ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னா என் மனைவி ஃபிலோமினா. சிராங்கூன் ரோட்டுல வாங்கி, பஸ் ஏறி, ஆங் மோ கியோ வீட்டுல கொண்டுபோய்க் குடுக்கணும். எம்ஆர்டி ரயில் எல்லாம் வராத காலம். வேலை இவ்வளவுதான்.

வாங்கிட்டேன். கடைக்காரர் பேப்பர்ல சுத்திக் குடுத்தார்.

பஸ் ஸ்டாப்புல அந்தோணி அண்ணன் நின்னார். எங்க மாதா கோயில்ல பாட்டுப் பாடுறவர். கோர்ட்டுக்கு எதிர்ல வேலை பார்க்கிறதால, சட்டம் மொத்தமும் தனக்கு அத்துப்படின்னு நினைப்பு. கையில என்னன்னு கேட்டார், சொன்னேன்.

"தம்பி, இது ஆயுதம் லா! வெளியில வச்சிருந்தா ஜெயில். கூடவே ரோத்தான் பிரம்பால அடி. மாசக்கணக்குல குப்புறத்தான் படுக்கணும்."

"ஐயோ! காய் நறுக்கத்தானே அண்ணே!"

"நல்ல காரணம் இருந்தா தப்பிக்கலாம். ஆனா அதை நீதான் காட்டணும். காய் எங்க?"

அதானே, காய் எங்க? தேக்கா மார்க்கெட்டுக்கு ஓடினேன். பதட்டத்துல கண்ணுல பட்டது மீன்தான். முழுசா ஒரு பெரிய கொடுவா எடுத்தேன்.

மீன்காரர் கத்தியை ஓங்கினார்.

"வெட்டாதீங்க!"ன்னு அலறிட்டேன். வெட்டிட்டா என் காரணம் போச்சே!

பஸ்ல ஒரு கையில அருவாமனை, இன்னொரு கையில மீன். பக்கத்துல இருந்த சீன அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு எழுந்து போயிட்டாங்க. அந்த சீட்டுல வந்து உக்காந்தார் ஒரு தமிழ் போலீஸ்காரர்!

அவர் ஒண்ணுமே கேக்கல. நானா ஆரம்பிச்சேன்.

"சார், இது மீன் வெட்டத்தான் சார்!"

"எது?"

அருவாமனையைத் தூக்கிக் காட்டினேன். பேப்பர் கிழிஞ்சு பளபளன்னு வெளிய வந்துச்சு. சுத்தி இருந்தவங்க எல்லாம் பின்பக்கம் நகர்ந்துட்டாங்க.

"மீன்காரரே வெட்டித் தருவாரே. ஏன் வெட்டாம வாங்கினீங்க?"

மீனை மாரோட அணைச்சுக்கிட்டேன்.

"சரி, வீட்டுக்குப் போவோம், வாங்க."

கதவைத் திறந்த ஃபிலோமினா, போலீஸைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கிட்டா.

"அக்கா, மீன் வெட்டவா இதை வாங்கச் சொன்னீங்க?"

"மீனா? காய் நறுக்கத்தானே சொன்னேன்! மீனை யாரு வாங்கச் சொன்னா?"

முடிஞ்சுது என் கதை. நிஜமாவே அழுகை வந்துடுச்சு.

போலீஸ்காரர் தரையைக் காட்டினார். "உக்காந்து வெட்டுங்க, பார்ப்போம்."

என் ஆயுசுல நான் அருவாமனையில உக்காந்ததே இல்லை. மீன் வழுக்கி சோபாவுக்கு அடியில போச்சு. இழுத்துட்டு வந்தேன். செதில் தெறிச்சு அவர் தொப்பியில ஒட்டிக்கிச்சு. கடைசியில வெட்டுப்பட்டது என் கட்டைவிரல்தான். மீன் அப்படியே முழுசா கிடந்துச்சு.

அவர் எழுந்து தொப்பியைத் துடைச்சார்.

"அக்கா, இவர் கையில இருக்கிற வரைக்கும் இது ஆயுதமே இல்ல லா."