அட்டைப்பெட்டியில் வந்த நைட்டி

ஆடி பிறந்த அன்று நரசிம்மன் ஒரு சபதம் செய்தார். இனி ஒரு ஆன்லைன் அட்டைப்பெட்டிகூடத் தன் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. சபதத்தைக் கடையில் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டியபடி செய்தார். வீட்டில் செய்யவில்லை. வீட்டில் கிளியம்மாள் இருந்தாள்.

ஒரகடம் கூட்டுரோட்டில் 'நரசிம்மன் ரெடிமேட்ஸ்' என்றால் 2013 வரைக்கும் ஒரு மரியாதை இருந்தது. கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே கடை. தெற்கத்திப் பையன்கள் சம்பளம் வந்ததும் முதலில் ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், அடுத்து நரசிம்மனிடம் சட்டை எடுப்பார்கள். அவர் ஒரு விலை சொல்வார். பையன் அதில் பாதி சொல்வான். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். பையன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவான். அவர் கூப்பிடுவார். இந்த ஆட்டத்தில் அவரை ஜெயிக்க ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஆள் கிடையாது. வாங்கியவன் மனம் மாறித் திரும்பி வந்தாலும் பயமில்லை. கல்லாவுக்கு மேலே கொட்டை எழுத்தில் போர்டு தொங்கியது: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

அப்புறம் பையன்கள் கையில் இன்டர்நெட் போன் வந்தது. அதற்காக அவர்கள் கடைக்கு வராமல் போய்விடவில்லை. முன்னைவிட அதிகமாகவே வந்தார்கள். நாலு சட்டையை மாட்டிப் பார்த்தார்கள், கண்ணாடிக்கு முதுகைக் காட்டினார்கள், காலரைத் திருப்பி நம்பரைப் படித்தார்கள், சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனார்கள்.

"பில்லு போடட்டா தம்பி?" என்று ஒருநாள் இசக்கிபாண்டியைக் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, அளவு பாக்கத்தான் வந்தேன். ஆன்லைன்ல போட்டாச்சு. பொருளு கைக்கு வந்த பொறவு துட்டு குடுத்தா போதும்."

சொன்னவன் மூன்றாம் மனிதன் இல்லை. வடக்குப்பட்டில் நரசிம்மன் தன் வீட்டை ஒட்டி வரிசையாக ரூம் கட்டி, கார் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இசக்கிபாண்டி அதில் முதல் ரூம். தன் கூரைக்குக் கீழே படுத்து, தன் மோட்டார் தண்ணீரில் குளித்து, தன் கடைக் கண்ணாடியில் அளவு பார்த்து, எவனோ ஒருவனுக்கு வியாபாரம் கொடுக்கிறான். நரசிம்மனுக்கு வயிறு எரிந்தது.

அந்த எவனோ ஒருவனின் ஆளாக வந்தவன்தான் ஜோயல். கொரியர்காரன். சுருட்டை முடி, சிரித்த முகம், முதுகில் அரிசி மூட்டை கணக்காக ஒரு பை. முதல் நாளே நரசிம்மன் கடை வாசலில் பைக்கை நிறுத்தி வழி கேட்டான். பையன்கள் எல்லோரும் அடையாளம் என்று எழுதியிருந்தது நரசிம்மன் ரெடிமேட்ஸைத்தான். தன் வியாபாரத்தைக் கெடுக்க வந்தவனுக்குத் தன் கடையே கைகாட்டியாக நிற்பதை எந்த மனிதன் பொறுப்பான்? நரசிம்மன் அவனை மண்ணூர்ப் பக்கம் அனுப்பி வைத்தார். ஜோயல் அங்கே போய் அலைந்துவிட்டு, பையன் கொடுத்திருந்த இன்னொரு நம்பருக்கு போன் போட்டான். அது கிளியம்மாள் நம்பர். அவள் வழி சொன்னாள்.

அன்றோடு ஆரம்பித்தது. பையன்கள் ஷிப்டில் இருப்பார்கள், போன் லாக்கரில் இருக்கும், கம்பெனி கேட்டில் பார்சலை உள்ளே விட மாட்டார்கள். ஆகையால் எல்லாப் பெட்டியும் அவுஸ் ஓனர் அக்காவிடம் வந்தது. பிரிட்ஜ் மேலே கோபுரமாக ஏறியது. கொஞ்ச நாளில் கிளியம்மாளே இசக்கிபாண்டி போனில் சொல்லி வைத்து செருப்பு, துடைப்பம், பூரிக்கட்டை என்று வரவழைக்க ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டு சரோஜா கடைக்கு வந்தபோது, கைக்குட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டே, நல்லெண்ணத்தோடு ஒரு கொள்ளியை எடுத்து வைத்தாள். "இன்னாண்ணே, உங்க வூட்டாண்ட டெய்லி பைக்குல ஒர்த்தரு வந்துகினு கீறாரு. நல்லா சிரிச்சிப் பேசுறாரு. அக்காவும் நல்லா பேசுது." அன்று மதியம் நரசிம்மனுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கடையை வேலைக்காரப் பையனிடம்கூட ஒப்படைக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

"அவன் இன்னாத்துக்கு டெய்லி வர்றான்?"

"யாரு, ஜோயல் தம்பியா? பார்சல் குடுக்க."

"குத்துட்டுப் போவ வேண்டியதுதானே. சிரிப்பு இன்னாத்துக்கு?"

"அந்தத் தம்பி மொகமே அப்பிடி. உங்களாட்டம் பில்லு போட்ட மொகமா?"

"அவன் சிரிப்ப வுடு. நீ இன்னாத்துக்கு சிரிக்கிற?"

"நான் பொட்டியப் பாத்து சிரிக்கிறேன். பிரிக்கிறப்போ ஒரு சந்தோசம் வருது. நம்ம கடைத் துணியப் பாத்தா வர மாட்டேங்குது, நான் இன்னா பண்றது?"

நரசிம்மன் அடுத்த நாள் தன் கண்ணாலேயே பார்த்தார். கிளியம்மாள் தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். உள்ளே இருந்தது வெறும் வடிகட்டி. அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அல்வா வாங்கிக் கொடுத்தபோது பார்த்தது. அப்புறம் அது எங்கே போயிற்று என்று அவர் தேடியதில்லை. இப்போது இன்னொருவன் மூட்டையில் கொண்டு வருகிறான். வியாபாரம் போனதுகூடப் பெரிதில்லை, அந்தச் சிரிப்பு தனக்கு வேண்டும் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. பாவம், வடிகட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆண் அவராகத்தான் இருக்க வேண்டும்.

யோசித்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதுதான் விஷயம். பொருளில் ஒன்றுமில்லை, பெட்டியில்தான் மயக்கம். கடையின் பின்னால் ஒரு மூட்டை நைட்டி கிடந்தது. வண்ணாரப்பேட்டையில் மொத்தமாக எடுத்தது. மஞ்சள் நிறம், அதில் தாம்பாளம் தாம்பாளமாகச் சூரியகாந்திப் பூ. ஒன்றுகூட விற்கவில்லை. போன மாசம் கிளியம்மாளிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இதைப் போட்டுக்கொண்டு வயலில் நின்றால் காக்கா வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதே நைட்டியைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பது. அவள் ஆகா ஓகோ என்பாள். உடனே உண்மையைச் சொல்லி மூக்கை உடைப்பது. அத்தோடு ஆன்லைன் மோகம் ஒழியும், ஜோயலும் ஒழிவான்.

பையன்கள் ரூமுக்குப் பின்னால் குப்பையில் நல்ல பெட்டியாக ஒன்று பொறுக்கினார். பழைய பெயரைச் சுரண்டிவிட்டு, கிளியம்மாள் பெயரை இங்கிலீஷில் டைப் அடித்து ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் சரோஜா வீட்டில் மாவு அரைக்கப் போயிருந்த நேரம், பெட்டியை வாசலில் வைத்தார். ஓடிப்போய்ப் படுக்கையறை ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கிளியம்மாள் வந்தாள். பெட்டியை எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து டேப்பைக் கிழித்தாள். நைட்டியை உதறிப் பிடித்தாள். பிறகு சிரித்தாள். வடிகட்டிச் சிரிப்பெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, வாயை நைட்டியால் மூடிக்கொண்டு சிரித்தாள். ஸ்கிரீனுக்குப் பின்னால் நரசிம்மனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

பின்பக்கமாக இறங்கிச் சுற்றிக்கொண்டு, அப்போதுதான் வருகிறவர் போல வாசல் வழியாக உள்ளே வந்தார். நீங்களா வரவழைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். மூக்கை உடைக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு நாக்கு புரண்டது. போனில் தட்டினேன், வந்துவிட்டது என்றார். என்ன கலர், என்ன பூ, நம்ம கடையிலும் இருக்கிறதே மஞ்சள் என்று ஒன்று என அவள் புகழ்ந்தாள். உண்மையை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

மறுநாள் கிளியம்மாள் அந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். தண்ணீர் பிடித்துவிட்டுத் திரும்புவதற்குள் தெருவில் பாதிப் பெண்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். கிளியம்மாள் நேராகக் கணவனிடம் வந்தாள். "நீங்கதானே போட்டீங்க. இவங்களுக்கும் தட்டி வுட்டுருங்க."

மாட்டேன் என்றால் குட்டு வெளிப்படும். சரி என்றால் மூட்டை காலியாகும். சரி என்றார். குப்பையில் பெட்டி பொறுக்கினார், மடித்தார், ஒட்டினார். அப்போதுதான் அடுத்த வில்லங்கம் உறைத்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? தானே கொடுத்தால் தெருவே சிரிக்கும். வேறு கொரியர்காரன் இந்தப் பக்கம் கிடையாது. எவனை மண்ணூருக்கு விரட்டினாரோ, அவன் பைக்கை மறித்து நின்றார்.

ஜோயல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். செய்கிறேன், ஆனால் ஷிப்டுக்குப் போன பையன்களின் பார்சலை இனி உங்கள் கடையில்தான் வைப்பேன் என்றான். "அக்கா மொகத்துக்காகத்தான்ணே ஒத்துக்கினேன்" என்று வேறு சொன்னான். நரசிம்மன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

பெண்கள் பெட்டியை வாங்கி, சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். கைக்குட்டைக்கு அரைநாள் பேரம் பேசுகிற சரோஜா, பேரமே பேசவில்லை. அது ஆன்லைன் விலை, அதில் பேரம் கிடையாதாம். அது நரசிம்மனுக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. அதோடு விட்டாளா? கை இறுக்கமாக இருக்கிறது, ஆன்லைன் என்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்களாமே என்று நைட்டியை ஜோயலிடம் திருப்பிக் கொடுத்தாள். அது கடைக்கே வந்தது. நரசிம்மன் போர்டைப் பார்த்தார், நைட்டியைப் பார்த்தார், பெரிய சைஸ் ஒன்றை எடுத்து மறுபடி பெட்டி கட்டினார். அன்று சாயங்காலம் வெள்ளையடிக்கிற சாக்கில் போர்டையும் கழற்றிவிட்டார்.

புரட்டாசிக்குள் மூட்டை காலி. ஷிப்ட் முடிந்து பார்சல் எடுக்க வந்த பையன்கள் கடையிலேயே பிரித்துப் பார்த்தார்கள். பேன்ட் நீளம் என்றால் அங்கேயே வெட்டித் தைக்கக் கொடுத்தார்கள், கையோடு ஒரு பெல்ட்டும் பனியனும் எடுத்தார்கள். கடை மறுபடி களைகட்டியது. எல்லாம் தன் மூளை என்று நரசிம்மனுக்குத் தோன்றியது. வெற்றியை இனியும் உள்ளே வைத்திருக்க முடியவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிளியம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த நைட்டி ஆன்லைன்ல வந்தது இல்ல. நம்ம கடைது. காக்கா ஓட்றதுன்னு சொன்னியே, அதேதான்."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"ஜோயல் தம்பி ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போவும். அன்னிக்கு பொட்டி தானா நடந்தா வரும்?"

நரசிம்மன் ஒரு கீரைத்தண்டை எடுத்து ஒடித்தார். "அப்பறம் இன்னாத்துக்கு அத மாட்டிக்கினு தெருவெல்லாம் காட்டுன?"

"மூட்டை தீர வேணாமா? நான் போட்டுக்கினாதானே ஊருல கேப்பாங்க."

"பார்சல்லாம் கடையாண்ட வெக்கிறேன்னு அவன் சொன்னானே?"

"நாந்தான் சொல்லச் சொன்னேன். எத்தினி நாளைக்குத்தான் பிரிட்ஜ் மேல அடுக்கினு கெடக்கறது?"

எல்லாம் போகட்டும். மூளை அவளுடையது, ஒப்புக்கொண்டார். கடை பிழைத்ததும் அவளால், அதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பொட்டியத் தொறந்துட்டு அப்பிடி சிரிச்சியே. அதுவும் நடிப்பா?"

"சே சே. அது மட்டும் நெஜம்." கிளியம்மாள் கீரையை முறத்தில் தட்டினாள். "ஸ்கிரீனுக்குக் கீழ உங்க ரெண்டு காலும் தெரிஞ்சுது."