ஐந்து மணி ஹார்மோன்

உலக வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய தீர்மானம் ஒன்று, 2009-ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, தேனி அல்லிநகரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் ஏகமனதாக நிறைவேறியது: இனி இந்த வீட்டுக்குள் பிளாஸ்டிக் நுழையாது. ஏகமனதாக நிறைவேறியதற்குக் காரணம், அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு மனம்தான்.

அந்த மனத்துக்குச் சொந்தக்காரர் சுந்தரலிங்கம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறி நாலு வருடம். ஒரே மகள் தேவயானி புனேயில் இருந்தாள். ஞாயிறுதோறும் இரண்டு நிமிடம் போனில் இருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணியானால் சுந்தரலிங்கத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ இறங்கும். வாய் கசக்கும். கண்ணில் நீர் வரும். காரணம் குறிக்காத எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டறியாத மனிதருக்குக் காரணமே இல்லாமல் கண்ணீர் வருவது பெரிய அவமானம். ஐந்தேகாலுக்கு எதிர்வீட்டுச் சின்னப்பராஜ் வந்துவிடுவார். அதற்குள் சுந்தரலிங்கம் முகத்தைக் கழுவிவிடுவார். இந்த விஷயம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அன்றைய பேப்பரின் ஞாயிறு இணைப்பு காரணத்தைக் கொண்டுவந்தது. சுடச்சுடச் சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் கவரில் ஊற்றினால் சில ரசாயனங்கள் கசியும். உடம்புக்குள் போய் ஹார்மோன் மாதிரியே வேஷம் போட்டு நிஜ ஹார்மோனைக் குழப்பும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கவனமாக இருக்கவேண்டும். கட்டுரை இவ்வளவு நியாயமாகச் சொல்லியிருந்தது. சுந்தரலிங்கம் கர்ப்பிணியுமில்லை, குழந்தையுமில்லை. அவர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டது கடைசி வரியை மட்டும்: 'மனச்சோர்வும் ஏற்படலாம் எனச் சிலர் ஐயுறுகிறார்கள்.'

"அகப்பட்டுச்சு" என்றார், காலி அறையைப் பார்த்து.

மறுநாள் காலை எவர்சில்வர் தூக்குவாளியோடு, வழக்கமாகக் கவரில் டிபன் வாங்கும் சந்தனம்மாள் மெஸ்ஸுக்குப் போனார். தூக்குவாளியோடு நிறுத்தியிருக்கலாம். ஆண்டிபட்டி பஸ்ஸுக்கு நின்ற ஒரு வாலிபன் கையில் ஆவி பறக்கும் சாம்பார் கவர் இருந்தது.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"தை மாசம் சார்."

"அப்ப இதைத் தொடாதீங்க. பிள்ளை பிறக்காது."

வாலிபன் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு பாம்புக்குட்டியை இறக்குவது போல மேஜைமேல் இறக்கிவிட்டுப் போனான். அடுத்த நாள் மூன்று பேர் இறக்கினார்கள். நான்காம் நாள் சந்தனம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சார், சூடாக் கவர்ல ஊத்தாதேன்னு சொன்னீக. நல்ல சொல்லுதான். அதுக்காக வாரவுகளையெல்லாம் மலடாக்கிவிட்டா நான் எங்கன போவேன்?"

"அறிவியல் சொல்லுதும்மா."

"அது அங்கன சொல்லட்டும். நீங்க தூக்குவாளியக் கொண்டாங்க. வாயை வீட்ல வச்சுட்டு வாங்க."

வாயை வீட்டில் வைத்துவிட்டு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே வாயோடு சேர்ந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். காலையில் தானே கோதுமை ரவை கிண்டினார். அடுத்த வாரமே, ஐந்து மணிக்கு வரும் வேதனை காலை எட்டு மணிக்கும் ஒரு நடை வந்து போகத் தொடங்கியது.

'பிளாஸ்டிக் இன்னும் வீட்டுக்குள்ளே எங்கோ இருக்கிறது' என்று முடிவு செய்தார். வாளி போனது. சீப்பு போனது. பல்துலக்கும் பிரஷ் போய் வேப்பங்குச்சி வந்தது. கடைசியில் முன்னறை நாற்காலிகள் நான்கும் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறிப் போயின. பதிலுக்கு, மனைவி சீராகக் கொண்டுவந்த இரும்பு டிரங்குப் பெட்டி முன்னறைக்கு வந்தது.

ஐந்தேகாலுக்குச் சின்னப்பராஜ் வந்து நின்றார். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். நாலு வருடமாக ஒருநாள் தவறாமல் வருகிறவர். சுந்தரலிங்கம் அலுவலகத்தில் தாம் மடக்கிய அதிகாரிகளைப் பற்றிச் சொல்வார், சின்னப்பராஜ் கேட்பார். பேச்சுத்துணைக்கு வேறு நாதியில்லாத பாவப்பட்ட மனிதர் என்று சுந்தரலிங்கத்துக்கு அவர்மேல் இரக்கம் உண்டு.

"நாற்காலிய எங்க சார்?"

"ஒழிச்சாச்சு. பிளாஸ்டிக்."

"நான் என்ன நாற்காலியத் திங்கவா வந்தேன்?"

"வெயில் பட்டா சூடாகும். சூடானா கசியும். கசிஞ்சது தோல் வழியா உள்ள போகும்."

"எந்தத் தோல் வழியா?"

"உக்கார்ற தோல் வழியாத்தான்."

சின்னப்பராஜ் பெட்டிமேல் உட்கார்ந்தார். பெட்டியின் கொண்டி அவருக்கு மூலநோய் இருப்பதை அறியாது. இரண்டாம் நாள் ஒருக்களித்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் நின்றுகொண்டே கேட்டார். நான்காம் நாள் வரவில்லை.

'இழப்பு அவருக்குத்தான்' என்று சுந்தரலிங்கம் முகத்தைக் கழுவினார். கழுவிய முகத்தைப் பார்க்க ஆள் வரவில்லை. ஆறு மணிக்கு மறுபடி கழுவ வேண்டியிருந்தது. ஏழு மணிக்கும்.

இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்து யோசித்தார். பிளாஸ்டிக் இல்லாத வீட்டில் இவ்வளவு ஹார்மோன் எப்படி? அறையைச் சுற்றிய பார்வை மூலையில் நின்றது. அங்கே போன் இருந்தது. வாயோடும் காதோடும் ஒட்டி உறவாடும் பிளாஸ்டிக். அதைத் தூக்கி எறிய மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. ரிசீவர்மேல் பருத்தித் துண்டை நாலு சுற்றுச் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை தேவயானியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்பா, நீங்க பேசுறது கேக்கல."

"துண்டு சுத்தியிருக்கேம்மா."

"கழுத்துக்கா? காய்ச்சலா?"

"போனுக்கு."



"அப்பா, சின்னப்பராஜ் மாமா வாராகளா?"

"நின்னுட்டாரும்மா. அவரை விடு. இந்த ஹார்மோன் இருக்கே—"

"சரிப்பா. நான் வச்சுர்றேன்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெற்ற தகப்பனைவிட இவளுக்கு எதிர்வீட்டுக்காரர்மேல் அக்கறை. சுந்தரலிங்கம் ரிசீவரை வைத்தார். துண்டு தடித்திருந்ததால் அது சரியாக உட்காரவில்லை. அந்த வாரம் முழுக்க யாராவது போன் செய்திருந்தாலும் எங்கேஜ்டாகத்தான் இருந்திருக்கும். அதை அவர் கவனிக்கவில்லை.

புதன்கிழமை மதியமே ஐந்து மணியாகிவிட்டது. கடிகாரம் ஒன்றரை என்றது, நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டி, மண்கூஜா, தூக்குவாளி, அவர். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் துளியும் கண்ணில் படாத அந்தச் சுத்தமான அறையில் உட்கார்ந்து, ஒரு கண்காணிப்பாளர் வாய்விட்டு அழுதார்.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், கைவைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினார். அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தெருவழியே நடந்தார். மெஸ் வாசலில் சந்தனம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், சமாதானமா?"

"சின்னப்பராஜுக்காக. மனுசன் பேச ஆளில்லாம ஒடுங்கிப் போயிருப்பாரு. பாவம்."

எதிர்வீட்டில் ஜெயமேரி முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னப்பராஜின் மனைவி. சுந்தரலிங்கம் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"அவரைக் கூப்பிடும்மா. கொள்கையை நான் கொஞ்சம் தளர்த்திட்டேன்னு சொல்லு. பழையபடி வந்து உக்காரட்டும்."

"அவுக இல்லையேண்ணே. பள்ளிக்கூட மைதானத்துக்குப் பூப்பந்து ஆடப் போயிட்டாக."

"பூப்பந்தா? இந்த வயசுலயா? எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே."

"முன்னெல்லாம் சாயங்காலமானா ஆடாம இருக்க மாட்டாக. நாலு வருசம் விட்டுப்போய், இப்பத்தான் மறுபடி போறாக."

"ஏன் விட்டாரு?"

ஜெயமேரி மடித்த வேட்டியைக் கொடியிலேயே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அண்ணி காரியம் முடிச்சு ஊருக்குப் போறன்னைக்குத் தேவயானி இங்கன வந்துச்சுண்ணே. 'அஞ்சு மணியானா அப்பா அழுகுறாரு மாமா, செத்த நேரம் கூட உக்காந்துட்டு வாங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு. அதுக்காகத்தான் வந்தாக."