போர்டு இல்லாத கூட்டம்

மனு அண்ணாச்சியிடமிருந்து புகார் வாங்காத ஒருவர் சங்கரன்கோவிலில் இருந்தார் என்றால், அவர் அப்போது பிறந்திருக்க மாட்டார். தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் மடக்கு மேஜை போட்டு ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். ஆள் வராத நேரத்தில் சொந்த மனு. திருவேங்கடம் பஸ் இரண்டு நிமிஷம் முன்னால் கிளம்பியதற்கு ஒன்று. தபால் பெட்டியின் வாய் வழியாக மழை உள்ளே போவதற்கு ஒன்று. ஆபீசுக்குள் குமாஸ்தாவாக இருந்த என் மேலேயே மூன்று மனு வந்திருக்கிறது. மூன்றிலும் விஷயம் உண்மை என்பதுதான் என் வருத்தம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாராயக் கடைகள் திறந்தன. அவற்றை மூட வேண்டும் என்று காரசாரமாக ஒரு மனு எழுதிவிட்டு, அண்ணாச்சியும் அங்கே போக ஆரம்பித்தார்.

இரண்டே வருஷத்தில் காலை பத்து மணிக்கே கை நடுங்கியது. மனைவி குருவிகுளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கும் அவர் அசரவில்லை. மைத்துனர் மேல் ஒரு மனு எழுதினார். அவரை அசைத்தது ஒரே ஒரு எண்தான். இளையரசனேந்தல் பக்கம் விவசாயம் செய்யும் சம்சாரி ஒருவருக்குக் கிணற்றுத் தகராறு. மனுவில் சர்வே நம்பரின் ‘ஒன்று’, நடுங்கிய கையில் ‘ஏழு’ ஆகிவிட்டது. மனு தள்ளுபடி.

அந்த மனிதர் மரத்தடிக்கு வந்து, “நீங்க எழுதுனா தப்பிருக்காதுன்னு நான் யாருட்டயும் காட்டல அண்ணாச்சி. என் புத்தியச் சொல்லணும்” என்றார்.

அன்று அண்ணாச்சி யாரையும் திட்டவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மறுவாரம் பத்திரிகைத் துண்டு ஒன்றுடன் என் மேஜைக்கு வந்தார்.

“வே, பாளையங்கோட்டையில குடிய விட நெனைக்கவங்க ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூடுதாங்களாம். ஒரு பள்ளிக்கூடத்துலன்னு போட்டிருக்கான். அந்த ஊர்ல தடுக்கி விழுந்தா பள்ளிக்கூடம். இது ஒரு அறிவிப்பா? நீரும் வாரும்.”

“நான் எதுக்கு அண்ணாச்சி?”

“தனியாப் போனா பாதியில எறங்கிருவேன். ஊர்ல எங்கூடப் பேசுதவன் வேற எவன் இருக்கான்?”

போனோம். பாளையங்கோட்டையில் இறங்கி, “குடிகாரங்க கூடுத எடம் எங்கன இருக்கு?” என்று டீக்கடையில் கேட்டார். கை காட்டினார்கள். போய்ப் பார்த்தால் சாராயக் கடை. வேறொரு தெருவில் போலீஸ்காரர் ஒருவரிடம், “குடிய நிறுத்துத எடம்” என்று திருத்திக் கேட்டார். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு வழி சொன்னார். கடைசியாக ஒரு ரிக்‌ஷாக்காரர், “தெரியும், ஏறுங்க” என்று தைரியமாக அழைத்துப்போய் இறக்கிவிட்டது இன்னொரு சாராயக் கடை.

அண்ணாச்சி அங்கேயே நின்றுவிட்டார். வாடை தெருவரை வந்தது. அவர் கையைப் பிடித்து இழுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு அண்ணாந்து போர்டைப் பார்த்தார்.

“ஏன்வே, ‘சாராய கடை’ன்னு எழுதியிருக்கே. நடுவுல ‘க்’ எங்க?”

உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, வாரவன் ஒருத்தனும் வாசிச்சுட்டு வரல.”

அவ்வளவுதான். கால் மணி நேரம் இலக்கணச் சண்டை. “குடிக்க எடத்துக்கு ஆள் ஒசரத்துக்குப் போர்டு. அதுலயும் தப்பு. குடிய விடுத எடத்துக்கு ஒரு துண்டு அட்டை கெடையாது. நாடு வெளங்குமா?” என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார். அவர் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

நாலாவது பள்ளிக்கூடத்தில், முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள்தான் சரியாகச் சொன்னார். “டீயக் குடிச்சுட்டு அழுதுட்டுப் போவாங்களே, அவங்களா? பின்னால மூணாவது ரூம்பு.”

ஒன்றாம் வகுப்பு அறை. குட்டை பெஞ்சுகளில், முழங்கால் மோவாயில் இடிக்க ஆறு பேர். அண்ணாச்சி வாசலிலேயே ஆரம்பித்தார்: “ஒரு போர்டு வைக்கக் கூடாதா?”

“வச்சா வெக்கப்பட்டு யாரும் வர மாட்டாங்க அண்ணாச்சி” என்றார் வயதான ஒருவர்.

“வைக்கலன்னா எப்படிவே வருவாங்க?”

“நீங்க வந்துட்டீங்கல்லா. உக்காருங்க.”

அண்ணாச்சி உள்ளே போய் ஒரு குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வராந்தாவில் காத்திருந்தேன். ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்லி, அவர் முறை வந்தது. “ஒண்ணப் போயி ஏழுன்னு எழுதிட்டேன்” என்ற குரல் மட்டும் கேட்டது.

ஒரு வருஷம் வாராவாரம் போனார். இடையில் இரண்டு தடவை சறுக்கினார். சறுக்கியதை அவரே வந்து என்னிடம் கோபமாகச் சொன்னார். சம்சாரிக்குப் புது மனு எழுதி, அது ஜெயிக்கும்வரை எங்கள் ஆபீசை உண்டு இல்லை என்று ஆக்கினார். மனைவி குருவிகுளத்திலிருந்து திரும்பி வந்தார், மைத்துனர் மேல் போட்ட மனுவை வாபஸ் வாங்கிய பிறகு.

அப்புறம் சங்கரன்கோவிலிலேயே, ஒரு தறிக்கூடத்தின் பின்னறையில், செவ்வாய்க்கிழமை சாயங்காலக் கூட்டம் தொடங்கினார். மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. “ஊர்ல ஒருத்தனும் குடிக்கலையாம்வே. எல்லாரும் மோர்தான் குடிக்கானாம்” என்று பொருமினார். நாலாவது வாரம் தறிக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்குத் திட்டிவிட்டு, தன் நாற்காலியை அவருக்குப் போட்டார் அண்ணாச்சி.

நான் வாழ்க்கையில் சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் ஒருவரும் வராத அந்த மூன்று செவ்வாய்க்கிழமையும் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் பேசும்போது கேட்க ஒரு ஆளாவது வேண்டுமே.