முட்டை தின்னாத முட்டைக்காரர்

கோயமுத்தூர் ஜில்லாவில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனாலும் அழுகின முட்டை நாற்றத்துக்குக்கூட மரியாதை கொடுத்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் காலேஜ் லேபில் அட்டெண்டர். நாங்கள் வைத்த பெயர் முட்டைக்காரர். மனிதர் சுத்த சைவம். பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டவரில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் சூலூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டிலிருந்து கிளம்பி இண்டர்மீடியட் படிக்கக் கோவைக்கு வந்தவன் நான். கெமிஸ்ட்ரியை ஏன் எடுத்தேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. பிராக்டிகல் வகுப்பில் ஒரு பொட்டலம் உப்பைக் கையில் கொடுத்து, "இது என்ன உப்பு, கண்டுபிடி" என்பார்கள். தண்ணீரில் கரைத்து, அமிலம் விட்டு, அதற்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவைச் செலுத்த வேண்டும். கறுப்பாகவோ மஞ்சளாகவோ அடியில் ஏதாவது படியும். நிறத்தைப் பார்த்து உலோகத்தைப் பிடிக்கலாம். அந்த வாயுதான் அழுகின முட்டை.

லேபுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் மூன்று குண்டு வயிறுள்ள கண்ணாடி ஜாடி ஒன்று. ஜாடிக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு திருகு, திருகுக்கு ஒரு முட்டைக்காரர். வேறு யார் கையும் அதில் பட்டதில்லை.

வாயுவை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"ஏனுங்ணா, கொஞ்சம் காத்து விடுங்க."

"இருங்க கண்ணு, அவங்க இன்னும் எந்திரிக்கலீங்க. இப்பத்தான் ஆசிட்டு ஊத்தியிருக்குது."

நாங்கள் மூக்கைப் பிடித்தால் அவருக்குப் பொறுக்காது. "ஊட்டுக்கு வந்த பெரியவங்க முன்னால மூக்கப் புடிப்பீங்களா?" என்பார்.

பஸ்ஸில் அவருக்கு நிற்கும் சிரமம் கிடையாது. அவர் உட்கார்ந்ததும் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்களுக்குச் சிங்காநல்லூர் வருவதற்குள் இறங்க வேண்டிய அவசரம் வந்துவிடும். "சனங்க நல்ல சனங்க, வயசுக்கு மரியாதை குடுக்கறாங்க" என்று மனதாரச் சொல்வார். ஒரு முறை காலேஜைப் பார்வையிடத் துரை ஒருவர் வந்தார். திருகை மூடி வைக்கும்படி முன்கூட்டியே உத்தரவு. துரை கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததும் முட்டைக்காரருக்கு மனது கேட்கவில்லை. வந்தவரை வெறுமனே அனுப்புவதா என்று அரைத் திருகு திறந்துவிட்டார். துரை அன்று மிச்சக் கட்டடங்களை வாசலிலிருந்தே பாராட்டினார்.

ஆனால் ஒரு விஷயத்தில் தாட்சண்யம் கிடையாது. அமிலம் விடாத சோதனைக் குழாயைக் கொண்டுபோனால் காற்று கிடைக்காது. அமிலம் இல்லாவிட்டால் வரக்கூடாத உலோகங்களும் சேர்ந்து வந்து படிந்துவிடும் என்பது பாடம். முட்டைக்காரர் நம் கரைசலில் நீல லிட்மஸ் காகிதத்தை முக்குவார். நன்றாகச் சிவந்தால் காற்று, இல்லாவிட்டால், "போய்ட்டு வாங்க கண்ணு."

யூனிவர்சிட்டிப் பரீட்சை வந்தது. பிராக்டிகலில் தவறினால் மொத்தப் பரீட்சையும் போச்சு. "தேறலைன்னா புத்தகத்தை மூட்டை கட்டிட்டு வந்துரு. கெணத்துல தண்ணி எறைக்க ஆளு பத்தல" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். கையில் ஒரு வெள்ளை உப்பு. அதைப் பார்த்ததும் என் முகமும் அதே நிறத்துக்கு வந்துவிட்டது. படித்ததெல்லாம் ஆவியாகிவிட்டது, புன்சன் விளக்கை நான் இன்னும் பற்றவைக்கக்கூட இல்லை. உப்பைத் தண்ணீரில் கரைத்தேன். கொட்டகைக்கு ஓடினேன்.

பரீட்சை நாளில் அட்டெண்டர் பையன்களோடு பேசக்கூடாது என்று சென்னையிலிருந்து வந்த எக்ஸாமினர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வந்தவனை "வாங்க" என்று சொல்ல முடியாமல் முட்டைக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். காகிதத்தை முக்கினார். நீலம் நீலமாகவே இருந்தது. திருகைத் தொடவில்லை.

"அண்ணா, விடுங்கண்ணா!"

காகிதத்தை என் கண்ணுக்கு நேரே ஆட்டிக் காட்டினார். பயத்தில் எனக்கு அது ஏதோ மிரட்டல் மாதிரிப் பட்டது. அமிலம் என்ற வார்த்தையே என் மூளையில் இல்லை.

"நேரம் ஆகுதுங்ணா! உங்களைக் கும்பிடறனுங்க!"

அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். நான் ஜாடிக் குழாயின் முனையை என் கரைசலுக்குள் விட்டு, கையை நீட்டித் திருகைப் பிடித்து முழுச் சுற்றாகத் திருகிவிட்டேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். என் கரைசல் கூரைக்குப் போய் என் சட்டைக்குத் திரும்பி வந்தது. மூச்சைத் திணற அடிக்கும் நாற்றம் கதவு வழியாக லேபுக்குள் நுழைந்தது. பத்தொன்பது பையன்களும் எக்ஸாமினரும் தாழ்வாரத்தில் கர்ச்சீப்பும் கையுமாக நின்றார்கள். கடைசியாக இருமிக்கொண்டு வந்தவன் நான். எனக்குப் பின்னால், திருகை மூடிவிட்டு, முட்டைக்காரர்.

"யார் திறந்தது?" என்றார் எக்ஸாமினர். "எவனாக இருந்தாலும் இந்தப் பரீட்சையை அவன் எழுத முடியாது."

கிணறும் மாடும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"நானுங்க" என்றார் முட்டைக்காரர். "கை தவறிப்போச்சுங்க."

எக்ஸாமினர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமாக இதுதான் உன் வேலை. ஒரு திருகைப் பிடிக்கத் தெரியாதா? இனி நீ உள்ளே போகாதே." அன்று மிச்ச நேரத்துக்குத் திருகு டெமான்ஸ்ட்ரேட்டர் கைக்குப் போயிற்று. எல்லோருக்கும் அரை மணி கூடுதல் நேரம். எனக்கும்தான்.

வேறு குழாயில் மிச்ச உப்பைக் கரைத்தேன். இந்தத் தடவை அவர் ஆட்டிக் காட்டிய நீலக் காகிதம் நினைவுக்கு வந்தது; அமிலம் விட்டேன். நல்ல மஞ்சளாகப் படிந்தது. காட்மியம். எப்படியோ தேறினேன்.

வெளியே வந்தபோது முட்டைக்காரர் லேப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏனுங்ணா அப்படிச் சொன்னீங்க? திறந்தது நானில்லீங்களா?"

"உங்களுக்குத்தானுங்க பரிச்சை. எனக்கென்னுங்க?" குரலைத் தாழ்த்தினார். "கடைசில என்னுங்க வந்துச்சு?"

"மஞ்சளுங்ணா."

"அவங்க வந்துட்டாங்கல்ல? அப்பச் செரி. போய்ட்டு வாங்க கண்ணு."

விடுதிக்குப் போய் அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். துவைக்கப் போட மனம் வரவில்லை. மூன்றாம் நாள் என் அறை நண்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான், நான் போகவில்லை.