அடுத்த வீட்டு வறுமைப் பரிசோதகர்

அரசாங்கம் சம்பளம் கொடுக்காமலே அதற்காக ஓடியாடி உழைக்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு, வாசகரே. இவர்கள்தான் வறுமைப் பரிசோதகர்கள். ஏழைக் குடும்பங்களுக்கான அஸ்வெசும உதவிப் பணம் வரும் நாளில் வங்கிக்கு எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடையில் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் பெண்களில் யார் கையில் டச் போன், யார் புதுச்செருப்புப் போட்டிருக்கிறாள், யார் ஓட்டோவில் வந்து இறங்கினாள் என்று ஒருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்தான். ஏழை என்றால் அழுக்காக இருக்க வேண்டும். சிரித்தால் அதற்கும் விசாரணை உண்டு.

எங்கள் கட்டுகஸ்தோட்டையில் இந்த இனத்துக்குத் தலைவர் ராஜலிங்கம். இலவசப் பாடப்புத்தகத்தில் படித்து, பல்கலைக்கழகத்தையும் இலவசமாகவே முடித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கொடுக்காமல் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து, அந்தக் கண்ணாலேயே அடுத்தவர் அடுப்படியைப் பார்க்கிறவர். ஓய்வூதியமும் தவறாமல் வருகிறது. அதெல்லாம் அவருக்கு உரிமை. மற்றவர் வாங்கினால்தான் பிச்சை. "சும்மா குடுத்துக் குடுத்தே நாட்ட நாசமாக்கிட்டாங்க" என்று சொல்லாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

சென்ற வருடம் அவர் வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்தது. செத்துப்போன பழையதை ஏற்றிப்போக லொறிக்காரன் கூலி கேட்டான். உடனே அவருக்குத் தர்ம சிந்தனை பிறந்துவிட்டது. பின்வீட்டு அபீபாவுக்கு அதைக் கொடுத்துவிட்டு, நல்ல பிரிட்ஜையே தூக்கிக் கொடுத்ததாகக் கடை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அபீபா இடியப்பம் அவித்து விற்று மகள் ஷஹ்மாவை உயர்தரம் படிக்கவைக்கும் விதவை. எலி நுழையாத பெட்டி கிடைத்ததே என்று அதில் அரிசி மாவைப் போட்டு வைத்தார்.

அஸ்வெசுமவில் எனக்குப் பிடித்தது, பணம் எந்த அரசியல்வாதியின் கையிலும் ஒட்டாமல் நேரே கணக்குக்கு வருவது. பிடிக்காதது, யார் வேண்டுமானாலும் யார் மீதும் ஆட்சேபம் சொல்லலாம் என்பது. ராஜலிங்கம் அபீபா மீது சொன்னார். 'வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது.' விசாரிக்க வந்த அதிகாரிகளும் வாசலில் நின்றே பிரிட்ஜைப் பார்த்தார்கள், திறந்து பார்க்கவில்லை. அபீபாவின் பணம் நின்றது. ஷஹ்மாவின் டியூஷன் வகுப்புக் காசு அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

ஆட்சேபம் சொன்னது யார் என்று அபீபாவுக்குத் தெரியாது. முக்காட்டுக்குள் தோடு மின்ன, படித்த மனிதர் என்று தேத்தண்ணிக் கடையில் ராஜலிங்கத்திடமே வந்து நின்றார்.

"நீங்க தந்த பிரிட்ஜ்தானே சேர். அது வேல செய்யாதுன்டு நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னாப் போதும்."

கடைக்காரர் உட்பட நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தது குப்பை என்று அவர்கள் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

"நான் தரும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

ஷஹ்மா இப்போது வகுப்புக்குப் போவதில்லை. வீட்டில் இருந்து இடியப்பம் பிழிகிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

உங்களுக்கும் எரிகிறதா? சந்தோஷம். ஆனால், அபீபாவின் தோடு தங்கமாக இருக்குமோ என்று நடுவில் ஒரு கணம் யோசித்தீர்களே, அதை நான் கவனித்தேன். வங்கிக்கு எதிரே, ராஜலிங்கத்துக்குப் பக்கத்துக் கதிரை காலியாகத்தான் இருக்கிறது.