போர் விமானத்துக்கு வைத்த பொட்டு

"யாரு இதுக்குப் பொட்டு வெச்சது?" என்று ஸ்ரீநாத் அலறினான்.

ராஜா அண்ணாமலைபுரத்து அந்தச் சின்னக் காட்சியகத்தில் இருந்ததே ஒரே ஒரு பழைய போர் விமானம். அதன் வெள்ளி மூக்கில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"நான்தான் சார்," என்றாள் துப்புரவு செய்யும் பாஞ்சாலி. "நேத்து ஆயுத பூஜை. வாசல்ல கீற எல்லா வண்டிக்கும் வெச்சேன். இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

ஸ்ரீநாத் தலையில் கை வைத்துக்கொண்டான். வழிகாட்டியாகச் சேர்ந்து இரண்டே மாதம். பத்து மணிக்கு மந்தைவெளியிலிருந்து சந்திரமௌலி வருகிறார். போரில் இதே விமானத்தை ஓட்டியவர் என்று பத்திரிகைகளில் பேட்டி கொடுத்தவர். 'இது என் விமானம்தான்' என்று அவர் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டால் ஸ்ரீநாத்தின் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நிஜமான போர் விமானியின் கையைக் குலுக்கப் போகிற குஷியில் பயல் காலையில் காபி குடிக்கவே மறந்துவிட்டான்.

மணி ஒன்பதேகால். ஈரத்துணியால் துடைத்தான். மூக்கு முழுக்க ஆரஞ்சு நிறம் பரவி, விமானத்துக்கு ஜலதோஷம் பிடித்தது போல் ஆகிவிட்டது.

"தின்னர் போடு சார், பளிச்சுனு பூடும்."

போட்டான். பொட்டு போயிற்று. கூடவே வெள்ளிப் பெயின்ட்டும் போயிற்று.

ஓரத்தைச் சமன் செய்து பெயின்ட் தடவிவிடலாம் என்று உப்புத்தாளால் தேய்த்தான். பதற்றத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே தேய்த்துவிட்டான். படக்கென்று ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வந்தது. அதன் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: 'கோடம்பாக்கம். செட் 3. க்ளைமாக்ஸில் கொளுத்தணும்.'

"பாஞ்சாலிம்மா... இது பலகை!"

"ஆமா சார். மழ வந்தா உப்பிக்கும், எங்க வூட்டுக் கதவு மாரி."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"தொடாதேன்னு போர்டு வெச்சிக்கீறீங்க. தொட்டேன்னு நான் எப்டி சார் சொல்றது?"

வாசலில் கார் வந்து நின்றது. சந்திரமௌலியும் மனைவி ஜானுவும் இறங்கினார்கள். ஸ்ரீநாத் ஓட்டையை முதுகால் மறைத்துக்கொண்டு சல்யூட் அடித்தான். பெரியவர் அவனை நகர்த்திவிட்டு நேராக மூக்கருகே போனார். வேலை போச்சு என்று ஸ்ரீநாத் கண்ணை மூடிக்கொண்டான்.

டொக், டொக் என்று தட்டும் சத்தம்.

"இதேதான்!" என்று கூவினார் சந்திரமௌலி. "அசல் அலுமினியம்! இந்த ஓட்டை இருக்கே, எதிரி சுட்ட குண்டு பட்டது! ஜானு, நன்னா பார்த்துக்கோ!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்ரீநாத்துக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வேலை நிரந்தரம்! ஆனால் பெரியவர் மறுபடி மறுபடி அந்தப் பலகையைத் தடவிக் கொடுப்பதைப் பார்த்ததும் மனசு உறுத்தியது. பாவம், நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்த மனிதர்! மெல்ல ஜானுவிடம் போனான்.

"மாமி, மன்னிச்சுடுங்கோ. மாமாவை ஏமாத்திட்டேன். அது நிஜ விமானம் இல்ல, வெறும் பலகை."

படமெடுக்கச் சொல்லிப் பாஞ்சாலியிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு இறக்கையடியில் விறைப்பாக நின்ற கணவரை ஜானு ஒரு தரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இருந்துட்டுப் போறது விடுங்கோ. இவர் ஏர்ஃபோர்ஸ்ல சமையல்காரர்."